புல்தரை வெட்டும் சிறுதொழில்: நாள் கேட்டு வரும் அழைப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பாளைப்பசும்புல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இரண்டு புல்வெட்டும் மெஷின்கள், ஒரு பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிக்கொண்டு புதரும் களையும் வெட்டும் மெஷின்), ஒரு குட்டியானை வண்டி, உதவிக்கு இரண்டு பேர் என்ற அளவில் தொழில் செய்துவருகிறேன். பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர் ஆகிய இடங்களில் வாடிக்கையான வீடுகள் இருக்கின்றன. தாமிரபரணி ஆற்றுக்கு அப்பால் திருநெல்வேலி டவுன், பேட்டை பக்கமும் சிலர் கூப்பிடுகிறார்கள். வெட்டும் வேலையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. வருகிற குறைகள் எல்லாம் நாள் குறிப்பதைப் பற்றியவை.

ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்து மறுநாள் விடிந்ததும் வந்து நிற்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், ஒப்புக்கொண்ட நாளில் வண்டியோடு வாசலுக்குப் போன பிறகு, "மதினி வந்திருக்காக, அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம் தம்பி" என்று திருப்பி அனுப்புகிறார். வேறொரு வீட்டில் திடீரென்று நிச்சயதார்த்தம் வைத்துவிட்டு இரண்டு நாளில் புல்தரை தயாராக வேண்டும் என்று கேட்கிறார்கள். மழை பெய்துவிட்டால் அன்றைய வேலைகள் மறுநாள் வேலைகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. மெஷின் ஓடும்போது செல்பேசி ஒலிப்பது காதில் விழாது; நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால், தவறிய அழைப்புகளில் யார் புதியவர், யார் நாளை மாற்றச் சொல்பவர் என்று பிரித்தறிவதற்குள் பொழுது போய்விடுகிறது.

அழைத்த வரிசைப்படி நாள் கொடுப்பதா, பகுதிவாரியாகக் கிழமை பிரிப்பதா, அவசரத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்பதா என்று தெரியவில்லை. இதே தொழிலில் இருப்பவர்களும், புல்தரை வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரெட்டியார்பட்டிச்சாலை

முதலில் கேட்டவருக்கு முதலில் என்பதுதான் நியாயம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டைரியில் வரிசையாக எழுதிக்கொண்டு, அந்த வரிசையிலேயே போய்விடுங்கள். ஊரில் பாதிச் சண்டை, பின்னால் வந்தவனை முன்னால் விட்டதால்தான் வருகிறது.

தாமிரபரணிக்கரை

ரெட்டியார்பட்டிச்சாலை அண்ணாச்சி சொல்வது ரேஷன் கடைக்குச் சரியாக இருக்கலாம். இந்தத் தொழிலுக்குச் சரிவராது. அங்கே வாடிக்கையாளர் கடைக்கு வருகிறார், இங்கே நாம் வாடிக்கையாளரிடம் போகிறோம். காலை எட்டு மணிக்குக் கே.டி.சி. நகரில் ஒரு வீட்டை முடித்துவிட்டு, அடுத்ததாக அழைத்தவர் பேட்டையில் இருக்கிறார் என்பதற்காக வண்ணார்பேட்டை நெரிசலைத் தாண்டி, சுலோசன முதலியார் பாலத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், வெயில் ஏறிவிடும். பிறகு மூன்றாவதாக அழைத்தவருக்காகத் திரும்பவும் தியாகராஜநகர் வர வேண்டும். இப்படிப் போனால் டீசல் செலவை விட, காலைக் குளிர்ச்சியில் வேலை செய்யக் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் சாலையில் வீணாவதுதான் பெரிய நட்டம்.

நான் ஆற்றுக்கு மேற்கே இதே வேலையைச் செய்கிறேன். என்னுடைய அனுபவத்தில், வாடிக்கையாளருக்குத் தேதி கொடுக்கும் பழக்கத்தையே மாற்ற வேண்டும். அவருக்கு நாம் தர வேண்டிய வாக்கு, புல் இன்ன உயரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம் என்பதுதான். இதைச் சொன்னால் முதலில் விழிப்பார்கள். காரணத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு முறைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது புல்தரை பராமரிப்பின் அடிப்படை. இரண்டு அங்குலத்தில் வைத்திருக்க வேண்டிய தரையை, மூன்று அங்குலத்துக்கு வரும்போது வெட்டினால் பசுமை குறையாது. ஐந்து அங்குலம் வளரவிட்டு ஒரேயடியாக இரண்டுக்கு இறக்கினால், வெயில் படாமல் வெளுத்துக் கிடந்த தண்டுப் பகுதி வெளியே தெரிந்து, தரை முழுவதும் மஞ்சளாகிவிடும். வேர் தளரும், களை புகுந்துவிடும். பழி நம்முடைய மெஷின் மேல் விழும். ஆகவே "அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம்" என்று தள்ளிப்போடுவது வாடிக்கையாளருக்குத்தான் நட்டம் என்பதை, தள்ளிப்போடும் அந்த நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, எல்லாப் புல்லும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. கொரியன் புல் மெதுவாக வளரும். அருகு வகைகள் தண்ணீரும் வெயிலும் இருந்தால் விரைந்து ஓடும். எருமைப்புல் மர நிழலிலும் தாக்குப்பிடிக்கும். பங்குனி, சித்திரையில் நல்ல தண்ணீர் வசதியுள்ள வீட்டுக்கும், வாரம் ஒருமுறை மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் வீட்டுக்கும் ஒரே இடைவெளியில் போவது வீண் வேலை. புதிய வாடிக்கையாளரிடம் நான் முதலில் கேட்பது என்ன புல், எங்கிருந்து தண்ணீர் என்பதைத்தான். எந்த நாள் வர வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வீடு சுற்று வேறுபடும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, கோடையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று அவரவர் பெயருக்கு எதிரே எழுதி வைத்துவிட்டால், அவர் அழைப்பதற்கு முன்பே நாம் அழைத்துவிடலாம். நாம் முந்திக்கொண்டால், நாளைச் சொல்லும் உரிமை நம்மிடம் இருக்கும். அவர் முந்திக்கொண்டால் அது அவரிடம் போய்விடும். அழைப்புகளால் திணறுவதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பகுதி, நாம் அழைத்திருக்க வேண்டிய நாளைத் தாண்டியதால் வருபவை என்று நினைக்கிறேன்.

பெருமாள்புரம்வாசி

நான் இந்தத் தொழிலில் இல்லை. வீட்டுக்கு முன்னால் சிறிய புல்தரை வைத்திருக்கும், பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தி. வாடிக்கையாளர் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

புல் வெட்ட ஆள் வருகிறார் என்றால், வீட்டில் எங்களுக்குச் செய்ய வேண்டிய வேலைகள் பல இருக்கின்றன. நாயைக் கட்ட வேண்டும், காரைத் தெருவுக்கு எடுத்துவிட வேண்டும், கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும், முதல் நாள் மாலையில் தண்ணீர் பாய்ச்சாமல் இருக்க வேண்டும். ஆள் வருவது தெரியாமல் தண்ணீர் விட்டுவிட்டால், "ஈரமா இருக்கே அம்மா" என்று அவர் திரும்பிப் போய்விடுகிறார். முன்பு ஒருவர் வந்துகொண்டிருந்தார். காலையில் வருவதாகச் சொல்வார், நாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் இரண்டு மணிக்கு மெஷினைக் கிளப்புவார். அவரை நிறுத்தியதற்கு அவருடைய வேலை காரணம் இல்லை.

மணி சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதில்லை. முற்பகலா பிற்பகலா என்று முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் ஒரு செய்தி அனுப்பினால் போதும். வர முடியாவிட்டால் அதையும் அதே நேரத்தில் சொல்லிவிட வேண்டும். "நாளைக்குக் கண்டிப்பா வந்துருதேன்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வராமல் போவதைவிட, "இந்த வாரம் முடியாது, அடுத்த புதன்கிழமை" என்று உள்ளதைச் சொல்பவரிடம்தான் எங்களுக்கு மரியாதை. நம் ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதை ஏதோ அவமரியாதை என்று எண்ணுகிறார்கள். அதனால் வரும் தொல்லை கொஞ்சமல்ல.

கடையம்தோப்பு

தென்காசிப் பக்கத்தில் எனக்குப் புல்தரை வேலை குறைவு. தென்னந்தோப்புகளில் பிரஷ் கட்டர் ஓட்டுவதுதான் பிழைப்பு. இருந்தாலும் இங்கே பேசப்படுவது எனக்கும் பொருந்துகிறது.

தோப்பில் நாள் குறிப்பது தேங்காய் வெட்டைப் பொறுத்தது. நாற்பத்தைந்து முதல் அறுபது நாளுக்கு ஒருமுறை வெட்டு நடக்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் களையை வெட்டிக் கொடுத்தால்தான், விழுகிற காய் புல்லுக்குள் மறையாமல் பொறுக்க முடியும். ஆகவே தோப்புக்காரரிடம் "எப்ப வரட்டும்" என்று நான் கேட்பதில்லை. "அடுத்த வெட்டு எப்ப" என்றுதான் கேட்கிறேன். பதில் தெரிந்தால் என்னுடைய நாள் தானே கிடைத்துவிடும். வீடுகளுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும், தேடிப்பாருங்கள்.

இன்னொன்று. ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் சாரல் இறங்கி, களை முழங்கால் உயரத்துக்கு வரும்; எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதே மாதங்களில் பாளையங்கோட்டையில் காற்றுதான் அடிக்கும், மழை இருக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது உங்களுக்கு நெருக்கடி. அந்தச் சமயத்தில் எங்களுக்கும் வேலை உண்டு என்றாலும், சாரல் காலத்தைப் போல நெருக்குவதில்லை. சாரல் மாதங்களில் உங்கள் பிரஷ் கட்டரும் ஒரு ஆளும் இங்கே வந்து, ஐப்பசியில் என்னுடையது அங்கே வந்தால், இருவருமே "ஆள் இல்லை" என்று வாடிக்கையாளரைத் திருப்ப வேண்டியிருக்காது. ஐம்பது கிலோமீட்டருக்குள் இப்படி இரண்டு வானிலை கிடைப்பது நமக்கு வாய்த்த வசதி, பயன்படுத்திக்கொள்ளலாம்.

கணக்கெழுதி

அழைப்பை எடுக்க முடியாத சிக்கலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், நாம் வேலையில் இருக்கும் நேரத்தில் செய்தி அனுப்புபவருக்குத் தானாகப் பதில் போகும்படி அமைக்கலாம். "மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, தங்கள் பெயர், பகுதி, புல்தரையின் படம் ஒன்று, ஏதேனும் விசேஷம் இருந்தால் அதன் தேதி ஆகியவற்றை அனுப்பி வையுங்கள், இரவு ஏழு மணிக்குமேல் பதில் அனுப்புகிறேன்" என்று எழுதி வைத்தால் பாதி உரையாடல் முடிந்துவிடும். படத்தைப் பார்த்தாலே எத்தனை நேர வேலை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதே செயலியில் உரையாடல்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டலாம்: புதியவர், நாள் கொடுத்தவர், மழையால் தள்ளியவர், பணம் வர வேண்டியவர். தவறிய அழைப்புகளில் ஆளைத் தேடும் வேலை இதனால் குறையும்.

ஓர் எச்சரிக்கை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தினால், உங்கள் எண்ணைத் தங்கள் செல்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். "செய்தி அனுப்பினேனே" என்று நீங்களும் "வரவே இல்லையே" என்று அவர்களும் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். முதல் முறை வேலைக்குப் போகும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

செயலி எதுவாக இருந்தாலும், கூகுள் காலண்டரோ காகித டைரியோ, ஒன்றே ஒன்றில் மட்டும் எழுதுங்கள். இரண்டில் எழுதுபவர் எதிலும் முழுமையாக எழுதுவதில்லை.

பாளைப்பசும்புல்

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. பெருமாள்புரம்வாசி அம்மா சொன்ன முன்னிரவுச் செய்தியை இன்றிரவே தொடங்கிவிடுகிறேன். பகுதிவாரியாகக் கிழமை பிரிப்பதும் மனத்துக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு இன்னும் தெளிவில்லை. விசேஷ வீட்டுக்காரர் வேறு பகுதியின் கிழமையில் கேட்டால் என்ன செய்வது? சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் எப்படிச் சமாளிப்பது? அவர்களுக்கு வரிசை என்பதே கிடையாது. "நம்ம பயதானே" என்ற உரிமையில், பக்கத்துத் தெருவில் வண்டியைப் பார்த்ததுமே கூப்பிட்டுவிடுகிறார்கள்.

ரெட்டியார்பட்டிச்சாலை

தாமிரபரணிக்கரை சொன்னதைப் படித்த பிறகு வழித்தடம் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஒரே பகுதிக்குள்ளாவது அழைத்த வரிசை வேண்டும் என்பதை விடமாட்டேன்.

அவசரக் கட்டணத்தை மட்டும் நம் ஊரில் வாயைத் திறந்து கேட்டுவிடாதீர்கள். நாளைக்கு அந்த விசேஷத்துக்கே நீங்கள் மொய் எழுதப் போக வேண்டியிருக்கும். நாலு நாளில் வேண்டும் என்பதற்குக் கால்பங்கு கூடுதல் கேட்டவர் என்ற பேச்சு, பந்தியில் இலை எடுப்பதற்குள் தெருவெங்கும் பரவிவிடும்.

தாமிரபரணிக்கரை

கூடுதல் கட்டணத்தை நானும் கேட்பதில்லை. அதையே திருப்பிப் போட்டுச் செய்கிறேன்: சுற்றில் வருகிறவர்களுக்கு ஒரு விலை, சுற்றில் சேராமல் வேண்டியபோது அழைப்பவர்களுக்கு ஒரு விலை. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். அவசரத்துக்கு விலை ஏறியது என்று யாரும் நினைப்பதில்லை. ஒழுங்காக வருபவருக்குக் குறைகிறது என்றுதான் நினைக்கிறார்கள்.

விசேஷங்களில் முக்கால்வாசி திடீரென்று வருபவை அல்ல. நமக்குத் திடீரென்று தெரியவருகின்றன, அவ்வளவுதான். சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே முகூர்த்த நாள்கள் இருக்கின்றன. ஆடியும் மார்கழியும் போக, வைகாசி, ஆவணி, தை மாதங்களின் முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரத்தில் ஒரு முற்பகலை எந்தப் பகுதிக்கும் கொடுக்காமல் வெறுமனே வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காவிட்டால் பழைய நிலுவையை முடிக்கலாம்.

விசேஷ வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, பந்தல்காரர் என்றைக்கு வருகிறார் என்பது. கடையம்தோப்பு தேடச் சொன்ன கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். விசேஷத்துக்கு முந்தைய நாள் வெட்டித் தரும்படி எல்லோரும் கேட்பார்கள். அன்று போனால் பந்தல் கால் நட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். மெஷின் ஓட்ட இடமிருக்காது. அதோடு, புதிதாக வெட்டிய புல்லின் நுனி ஓரிரு நாள் வெளிறித்தான் தெரியும். பந்தல் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு வெட்டி, ஒருமுறை தண்ணீர் விட்டு வைத்தால், விருந்தினர் வரும் நாளில் தரை பச்சையாக இருக்கும். இதைச் சொன்னதும், ஒரே நாளில் நின்ற பிடிவாதம் மூன்று நாள் இடைவெளியாக விரிந்துவிடும். அந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் அந்தப் பகுதியின் கிழமையாகவே அமையும்.

சொந்தக்காரர் விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவர்களையும் சுற்றில் சேர்த்து, அந்தப் பகுதியின் முதல் வீடாக வைத்துவிடுவது. மாமா வீட்டில் காலை ஆறரைக்கே வண்டி நின்றால், அதைவிட மரியாதை அவர் எதிர்பார்ப்பதில்லை. ஊருக்கெல்லாம் வெட்டிவிட்டுக் கடைசியில் இங்கே வருகிறான் என்ற வருத்தம் இருக்காது. நடுவில் கூப்பிடும் தேவையும் இருக்காது.

வளாகமேலாளர்

பாளையங்கோட்டையில் ஒரு கல்வி நிறுவனத்தின் வளாகத்தைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். நிறுவனங்கள் நாள் விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பதாக ஒரு வருத்தம் இருக்கிறது. எங்கள் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு.

பிரஷ் கட்டர் சிறு கல்லைத் தெறிக்க வைக்கும். சுற்றிலும் பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது என்று மெஷினோடு வரும் கையேடுகளிலேயே எழுதியிருப்பார்கள். மாணவர்கள் நடமாடும் வேலைநாளில் அந்த இடைவெளியை யார் காவல் காப்பது? ஆகவே விளையாட்டுத் திடல் ஓரத்து வேலைக்கு எங்களுக்குச் சனிக்கிழமையும் விடுமுறை நாளும்தான் உண்டு. ஓசையும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் ஐம்பது டெசிபல்தான் வரம்பு. பிரஷ் கட்டரின் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் அந்த வரம்புக்குள் அடங்காது. தேர்வு நடக்கும் வாரத்தில் சன்னலுக்கு வெளியே மெஷினைக் கிளப்பினால் முதல்வர் அறையிலிருந்து எனக்குத்தான் அழைப்பு வரும்.

எங்கள் ஊர் நிறுவனங்களுக்கு எப்போது அவசரம் வரும் என்பது நாள்காட்டியைப் பார்த்தாலே தெரியும். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரம், ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் முந்தைய வாரம், கிறிஸ்துமசுக்கு முன்னால் தேவாலய வளாகங்கள். இவற்றோடு பலரும் மறந்துவிடும் ஒன்று, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அக்டோபர் கடைசி வாரத்தில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் புதரும் புல்லும் அகற்ற வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும், தீபாவளியும் பக்கத்தில் வந்துவிடும். அந்த வாரத்தை வீடுகளுக்கு முழுவதும் கொடுத்துவிட்டு, கடைசியில் தேவாலயத்தின் பங்குப் பேரவையினரிடம் ஆள் இல்லை என்று சொல்வதைவிட, செப்டம்பரிலேயே அவர்களை அழைத்துப் பேசிவைப்பது நல்லது.

நெறியாளர்

சதுர அடிக்கு என்ன விலை என்ற கேள்விகளுக்குத் தனி இழை இருக்கிறது. அத்தகைய பதிவுகள் அங்கே நகர்த்தப்பட்டுள்ளன. இங்கே நாள் ஒழுங்கு பற்றி மட்டும் தொடருங்கள்.

கடையம்தோப்பு

வாடிக்கையாளர் நாளை மாற்றுவதைப் பற்றியே பேசுகிறோம். நம் ஆட்கள் நாளை மாற்றுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பங்குனி உத்திரத்தன்று இந்த மாவட்டத்தில் யாரையும் வேலைக்கு எதிர்பார்க்க முடியாது. அவரவர் குலசாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். கோயில் தூரமாக இருந்தால் முந்தைய நாளே கிளம்புவார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்க் குடில் போட்டுத் தங்குபவர்கள் இருக்கிறார்கள். இவை நாள்காட்டியில் இருப்பவை, முன்கூட்டியே தெரிந்துவிடும். ஊர்க்கோயில் கொடைத் திருவிழா அப்படியல்ல. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மாதம், பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும். கொடைக்குக் கால் நாட்டிவிட்டால் அந்த ஊர்க்காரர் கொடை முடியும்வரை அரை மனத்தோடுதான் வேலை பார்ப்பார். எனக்கு உதவியாக இருப்பவரிடம், "உங்க ஊர்ல என்னைக்குக் கால் நாட்டுதாங்க" என்று சித்திரை பிறந்ததுமே கேட்டு எழுதிக்கொள்வேன். கார், பிசானம் ஆகிய இரண்டு நெல் சாகுபடிக்கும் நடவு நடக்கும் நாள்களில் ஆள் கிடைப்பது இன்னும் கடினம். கூடுதல் கூலி கொடுத்தாலும் சொந்த வயலை விட்டுவிட்டு யார் வருவார்?

செவ்வாய்க்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் கனமான பகுதிகளுக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் யோசனை.

பாளைப்பசும்புல்

எல்லாவற்றையும் வைத்து ஒரு வார ஒழுங்கை எழுதிப் பார்த்தேன். திங்கள் பெருமாள்புரமும் என்.ஜி.ஓ. காலனியும், செவ்வாய் மகாராஜநகரில் சிறிய வீடுகள் மட்டும், புதன் தியாகராஜநகர், வியாழன் கே.டி.சி. நகர், வெள்ளி முற்பகல் விசேஷ வீடுகளுக்காக வெறுமை, பிற்பகல் மெஷினுக்குச் சாணை பிடிப்பதும் ஆயில் மாற்றுவதும், சனி நிறுவனங்களும் மழையால் தள்ளியவையும். ஆற்றுக்கு அப்பால் இருப்பவர்களைத் தாமிரபரணிக்கரை அண்ணாச்சியிடம் அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன், அவருக்குச் சம்மதம் என்றால்.

கோடையில் காலை ஆறு முதல் பத்தரை வரையும் மாலை நான்கு முதல் ஆறரை வரையும் வேலை. மார்கழியில் பனி காயாமல் மெஷினை இறக்க முடியாது என்பதால் ஒன்பது மணிக்குத்தான் தொடக்கம். அந்த மாதத்தில் ஒரு நாளைக்கு ஒரு வீடு குறையும்.

சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு இங்குள்ள பூட்டிய வீட்டுக்குப் புல் வெட்டச் சொல்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த நாளாக இருந்தாலும் கவலையில்லை, முன்னும் பின்னும் படம் அனுப்பினால் போதும், பணம் ஜிபேயில் வந்துவிடுகிறது. அவர்களை எந்தக் கிழமையிலும் கட்டாமல், யாராவது கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நிரப்புவதற்காக வைத்துக்கொள்ளப் போகிறேன். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் மட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

மீதமிருப்பது மழைதான். சனிக்கிழமையும் மழை பெய்துவிட்டால் என்ன செய்வது? அப்படி விட்டுப்போன தரையை அடுத்த முறை இரண்டு தடவையாக வெட்ட வேண்டிவந்தால், அந்தச் செலவு யாருடையது?

தாமிரபரணிக்கரை

தாராளமாக அனுப்புங்கள், கிழக்கே இருந்து எனக்கு வரும் அழைப்புகளை உங்களுக்கு அனுப்புகிறேன். பேட்டைக்காரர்களிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்களுக்கும் வருத்தம் இருக்காது.

மழையால் தள்ளியதையும் வாடிக்கையாளர் தள்ளியதையும் டைரியில் வேறு வேறு நிற மையில் எழுதுங்கள். சனிக்கிழமையும் மழை என்றால், மழையால் விட்டுப்போன வீடுகள் அடுத்த வாரம் தங்கள் கிழமையிலேயே முதலில் வரும். தானாகத் தள்ளிப்போட்டவர் அந்தக் கிழமையின் கடைசியில், நேரம் இருந்தால் மட்டும். அவசரப்பட்டு ஈரத்தில் இறக்காதீர்கள். வெட்டிய புல் கட்டிக்கட்டியாக அடைத்துக்கொள்ளும், நுனி சீராக அறுபடாமல் கிழியும், சக்கரம் பதிந்த பள்ளம் தை மாதம் வரை தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததைப் போன்ற மழை வந்தால் இந்த ஒழுங்கு எதுவும் நிற்காது. அப்போது எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பிவிட்டு, தண்ணீர் வடிந்த பகுதியிலிருந்து புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

செலவைப் பொறுத்தவரை, அவர் தள்ளிப்போட்டுப் புல் ஐந்து அங்குலம் போயிருந்தால், முதல் வெட்டு உயரமாக, நான்கு ஐந்து நாள் கழித்து இரண்டாவது வெட்டு, இரண்டுக்கும் முழுக்கூலி. மழையால் வளர்ந்திருந்தால் முதல் வெட்டுக்கு வழக்கமான கூலியும் இரண்டாவதற்குப் பாதியும் வாங்குகிறேன்.

பெருமாள்புரம்வாசி

அந்தப் பாதிக்கூலியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; வெட்டி முடித்த பிறகு சொன்னால் அது எங்கள் காதில் வேறு மாதிரி விழும். ஐப்பசி பிறக்கும்போது, "மழை வாரங்களில் இப்படித்தான் வருவோம்" என்று எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிட்டால், பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. பாளைப்பசும்புல் தம்பி, திங்கள்கிழமை எங்கள் பகுதிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று முற்பகல் என்றால் எனக்குச் சம்மதம். கொரியன் புல், கிணற்றுத் தண்ணீர், நாய் ஒன்று உண்டு.

பாளைப்பசும்புல்

நன்றி அம்மா. ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் செய்தி அனுப்புகிறேன். அன்று மாலை மட்டும் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்.